படகோட்டிக்கு இரண்டு வெள்ளி

நான் எழுதிய ஆட்டத்தில் ஒரு படகோட்டி உண்டு.
பதினேழாம் பக்கம். பெயர் வைக்கவில்லை.
உப்பேரியைக் கடக்க ஆளுக்கு இரண்டு வெள்ளி கேட்பான்,
கொடுக்காதவரை ஏற்றமாட்டான்.
அதற்குமேல் அவனைப் பற்றி எழுத
நேரம் வாய்க்கவில்லை.
டாம்பரேயில், ட்ராம் பணிமனையில் எனக்கு இரவு வேலை;
சக்கரத்தில் இறுகிய பனியைச் சுரண்டும் மாதம் அது.

வியாழன்தோறும் நூலகத்தின் பின்னறையில்
என்னைச் சேர்த்து ஐந்து பேர்.
ஆர்னி எங்கள் திருடன். பகலில் பல் மருத்துவர்.
படகோட்டியாக நான் கையை நீட்டியதும்
அரைமணி நேரம் பேரம்:
"இரண்டா? பகல் கொள்ளை. ஒன்றரை."
பகடையை உருட்டினார். தோற்றார்.
முணுமுணுத்தபடி தன் தாளில்
நாற்பத்தொன்றை ரப்பரால் அழித்து
முப்பத்தொன்பது என்று எழுதினார்.
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
ஆனாலும் எழுதினார்.

அந்தப் படகும் ஏரியும் இருக்கும் புத்தகத்தை
(இருபத்துநாலு பக்கம், பிடிஎஃப்,
'விரும்பியதைக் கொடுங்கள்' என்று விலை)
நால்வருக்கும் நான் அனுப்பிய இரவில்
நாலு பதிவிறக்கம்,
நாலு பூஜ்யம்.

மாதக் கணக்கு வந்தது.
எடுத்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
கொடுத்தவர்கள் ஒன்பது.
மொத்தம் முப்பது யூரோ.
கடைக்குப் பத்தரை போக
மீதி பத்தொன்பதரை,
அதில் பாதி தோர்னிக்கேவுக்கு.
இருபது சேராமல் கடை பணம் அனுப்பாதாம்.
ஐம்பது சென்ட் குறைகிறது.

தோர்னிக்கே குத்தாய்சியில் இருக்கிறார்.
ஏரிக்கடியில் உள்ள கிணற்றை
பதினோரு இரவு வரைந்தார்.
ஒவ்வொரு கல்லுக்கும் தனி நிழல்.
"கணக்கு வந்ததா?" என்று கேட்டிருந்தார்,
கூடவே ஒரு சிரிப்பு முகம்.
அந்தச் சிரிப்புதான் தூங்கவிடவில்லை.

எல்லோர் மேலும் கோபம் வந்தது.
ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி,
கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்று
பெரிதாக ஒரு கடிதம் தொடங்கினேன்.
ஆதாரத்துக்கு என் கணினியைத் துழாவினேன்.

முந்நூற்று நாற்பது புத்தகங்கள்.
ஏரியில் விட்ட என் நீர்ப்பேய்களின் எண்களெல்லாம்
வால்பரைசோவில் ஒருத்தி எழுதியவை. நன்றி போட்டிருந்தேன்,
கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.
ரசீதைத் தேடி எடுத்தேன்: பூஜ்யம்.
இப்போது ஞாபகம் வந்தது.
விலைப் பெட்டியில் மூன்று என்று தானாகவே இருந்தது.
அந்த மூன்றை நான்தான் அழித்தேன்.
சும்மா எடுக்கவும்
ஒரு விரல் உழைக்க வேண்டியிருந்தது.

கடிதத்தை மூடினேன்.
அவளுக்குப் பன்னிரண்டு யூரோ கட்டினேன்
(அதிலும் கடை தன் பங்கைக் கிள்ளும்).
சம்பளத்திலிருந்து நூறு, குத்தாய்சிக்கு.
குறிப்பில் 'கிணறு' என்று மட்டும்.
"இவ்வளவு விற்றதா!" என்றார் தோர்னிக்கே.
பதில் அடித்தேன், அழித்தேன்,
பிறகு பனி சுரண்டப் போய்விட்டேன்.

விடிந்ததும் புத்தகத்தைத் திருத்தினேன், ஒரே பக்கம்:
படகோட்டியின் பெயர் தோர்னிக்கே.
கூலி இரண்டு வெள்ளி. பேரம் கிடையாது.
படகு அவனுடையது அல்ல;
மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துறைக்காரனுக்குப் போகிறது.
துடுப்பை அவனே செதுக்கினான், பதினோரு இரவு.

அடுத்த வியாழன் திரும்பும் பயணம்.
பையில் கிணற்றுப் புதையல், பின்னால் பேய்கள்.
புதிய பக்கத்தை உரக்க வாசித்தேன்.
ஆர்னி பென்சிலைக் கடித்தார்.
"இந்தப் பேர் அட்டையில் இருக்கிற பேர்தானே?"
"ஆமாம்."
"திரும்பும்போதும் இரண்டா?"
"ஆமாம்."

பகடையை எடுக்கவில்லை அவர்.
முப்பத்தொன்பதை அழித்தார், முப்பத்தேழு.
ரப்பர்த் தூளை ஊதிவிட்டு
ஏதோ சொல்ல வந்து
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இன்று சனிக்கிழமை.
கடையின் கணக்குப் பக்கத்தை
நான் இன்னும் திறக்கவில்லை.